கல் வைக்குமுன் கணக்கு வையுங்கள்



"கட்டடச் செலவைக் கணக்குப் பார்க்க ஓர் ஆளா? இதைப் போய் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?" இந்த வாரத் தொலைக்காட்சிக் கருத்தரங்கின் தலைப்பைச் சொன்னதும் என் அம்மா கேட்ட கேள்வி இது. எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. ஆனால், நிகழ்ச்சி தொடங்கிய பத்தாவது நிமிடத்திலிருந்து தொலைபேசி ஓயவில்லை. வீட்டின் பின்புறத்தை நீட்டிக் கட்டிய ஓர் அம்மா கிள்ளானிலிருந்து பேசினார். கோயில் மண்டபம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிர்வாகக் குழுத் தலைவர் சுங்கைப்பட்டாணியிலிருந்து பேசினார். சொந்த நிலத்தில் முதல் வீட்டைக் கட்டத் தொடங்கியிருக்கும் ஓர் இளம் தம்பதியர் ஸ்கூடாயிலிருந்து பேசினார்கள். ஊர் வேறு, கட்டடம் வேறு. கேள்வி மட்டும் ஒன்றுதான்: "சொன்ன விலை ஒன்று, முடிந்த விலை வேறு. நடுவில் பணம் எங்கே போனது?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான், நிகழ்ச்சியில் நேரமின்மையால் விடுபட்டுப்போன விளக்கங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். கருத்தரங்கில் இருவர் கலந்துகொண்டனர். ஒருவர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறையில் இருக்கும் பதிவுபெற்ற குவாண்டிட்டி சர்வேயர், ஒரு பெண்மணி. மற்றவர், ஒரு கோயில் மண்டபக் கட்டடக் குழுவில் பொருளாளராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். மூன்றாவதாக ஒரு கதையும் உண்டு. அது என் வீட்டுக் கதை. நிகழ்ச்சியில் அதை நான் சொல்லவில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அப்பாவின் 555 புத்தகம்

அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். 2011ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அவர் முதலில் நினைத்தது வீட்டைத்தான். எங்களுடையது ஒரு மாடி வரிசை வீடு. பின்புறத்தில் பெரிய சமையலறையும் ஓர் அறையும் கட்ட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. தெரிந்தவர் மூலம் ஒரு குத்தகையாளர் வந்தார். ஒரே ஒரு தாளில், 'பின்புறச் சமையலறை, ஓர் அறை, கூரை, டைல்ஸ், சாயம், அனைத்தும் உட்பட 48,000 ரிங்கிட்' என்று எழுதிக் கொடுத்தார்.

கையெழுத்திட்ட அன்றே பாதிப் பணம், 24,000 ரிங்கிட் கொடுக்கப்பட்டது. அடித்தளம் போட்டுத் தூண்கள் எழுந்ததும் மேலும் 12,000. ஆக 36,000 ரிங்கிட் போய்விட்டது. சுவர் இடுப்பளவு எழுந்த நேரத்தில், "கம்பி விலை ஏறிவிட்டது, இன்னும் 8,000 வேண்டும்" என்றார் குத்தகையாளர். அப்பா மறுத்தார். வாக்குவாதம் முற்றியது. மறுநாள் முதல் ஆட்கள் வரவில்லை. கைத்தொலைபேசியும் எடுக்கப்படவில்லை. நான்கு மாதங்கள் அம்மா தார்ப்பாயின் கீழே சமைத்தார். பிறகு வேறொருவர் வந்து, மிச்ச வேலைக்கு 33,000 வாங்கி முடித்துக் கொடுத்தார். 48,000க்குப் பேசிய வேலை 69,000 ரிங்கிட்டில் முடிந்தது.

அப்பா கணக்கு வைக்காதவர் அல்லர். நம் ஊர் மளிகைக் கடைகளில் கடன் எழுதும் அந்தச் சின்ன 555 நோட்டுப் புத்தகத்தில், எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார் என்று சென் கணக்காக எழுதி வைத்திருந்தார். அண்மையில் அந்தப் புத்தகத்தையும், வேலை பாதியில் நின்றபோது எடுத்த புகைப்படங்களையும் கருத்தரங்கில் பேசிய அந்த அம்மையாரிடம் காட்டினேன். அவர் சிறிது நேரம் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: "அன்றைக்கு அங்கே நடந்திருந்த வேலையின் மதிப்பு ஏறக்குறைய 18,000 ரிங்கிட். உங்கள் அப்பா கொடுத்தது 36,000. எவ்வளவு கொடுத்தோம் என்பதை எழுதியிருக்கிறார். அதற்கு எவ்வளவு கட்டடம் வந்தது என்பதை யாருமே எழுதவில்லை."

நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். வெளியே போகும் பணத்தை எண்ணுகிறோம். உள்ளே வரும் வேலையை அளப்பதில்லை. அதை அளப்பதற்கென்றே படித்த ஒருவர் இருக்கிறார். அவர்தான் குவாண்டிட்டி சர்வேயர்.

யார் இவர்?

மலாயில் ஜுருஉக்கூர் பஹான் என்பார்கள். தமிழில் கட்டட அளவை மதிப்பீட்டாளர் என்று சொல்லலாம். கட்டுமான இடங்களில் எல்லாரும் சுருக்கமாக 'கியூ.எஸ்.' என்றே அழைக்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கட்டடக் கலைஞர் வரைபடம் போடுகிறார். பொறியியலாளர் தூணும் விட்டமும் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். குத்தகையாளர் கட்டுகிறார். இந்த மூவருக்கும் நடுவே, "இதற்கு எவ்வளவு செலவாகும், கேட்கும் பணம் நியாயமானதா, கையில் இருக்கும் பணத்திற்குள் வேலை முடியுமா?" என்று கட்டட உரிமையாளரின் சார்பில் கேட்பவர்தான் கியூ.எஸ்.

இங்கிலாந்தில் வளர்ந்த இத்தொழில் ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்கு வந்தது. மலேசியாவில் இது சட்டத்தால் நெறிப்படுத்தப்பட்ட தொழில். 1967ஆம் ஆண்டின் அளவை மதிப்பீட்டாளர் சட்டத்தின்கீழ் மலேசிய அளவை மதிப்பீட்டாளர் வாரியம் இயங்குகிறது. அந்த வாரியத்தில் பதிவு பெறாதவர் தம்மைத் தொழில்முறைக் கியூ.எஸ். என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே, ஒருவரை அமர்த்துவதற்கு முன்னர் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வாரியத்தின் பட்டியலில் சரிபார்ப்பது முதல் வேலை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது கியூ.எஸ். வேலை அல்ல. அது பொறியியலாளரின் பொறுப்பு. ஊராட்சி மன்றத்தில் வரைபட அனுமதி வாங்குவதும் கட்டடக் கலைஞர் அல்லது பொறியியலாளரின் பொறுப்பே. கியூ.எஸ். காவல் காப்பது உங்கள் பணப்பையை.

ஒரு சுவரை அளந்து பார்ப்போம்

இவர் செய்யும் வேலை என்னவென்று விளங்க, ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். நீளம் 10 மீட்டர், உயரம் 3 மீட்டர். பெருக்கினால் 30 சதுர மீட்டர். பலரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தச் சுவரில் ஒரு கதவும் இரண்டு சன்னல்களும் இருக்கின்றன. கதவு 0.9 மீட்டருக்கு 2.1 மீட்டர். சன்னல் ஒவ்வொன்றும் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர். இவற்றைக் கழித்தால் உண்மையில் எழுப்பப்படும் சுவர் ஏறக்குறைய 25 சதுர மீட்டர்தான். ஐந்து சதுர மீட்டருக்குக் கல்லும் இல்லை, வேலையும் இல்லை.

அரைச் செங்கல் கனமுள்ள சுவருக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 கல் தேவை. அப்படியானால் ஒரே சுவரில் 300 கல் வித்தியாசம். அதே சுவருக்கு இருபுறமும் பூச்சு, அதன்மேல் சாயம். அங்கேயும் பக்கத்துக்கு ஐந்து ஐந்தாகக் கூடுகிறது. ஒரு வீட்டில் எத்தனை சுவர், எத்தனை சன்னல் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வாறு அடித்தளத்தில் தோண்டும் மண் முதல் கூரையின் கடைசி ஆணி வரை, வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் அளந்து ஒரு பட்டியலாக எழுதுகிறார் கியூ.எஸ். இதற்கு அளவுப் பட்டியல் என்று பெயர். தொழிலில் 'பி.கியூ.' என்பார்கள். காங்கிரீட் இத்தனை கன மீட்டர், கம்பி இத்தனை கிலோ, சுவர் இத்தனை சதுர மீட்டர், கதவு இத்தனை என்று வரிசையாக இருக்கும். எதிரே விலைக்கான இடம் காலியாக இருக்கும். குத்தகையாளர் அதில் விலையை மட்டும் நிரப்ப வேண்டும்.

அப்பாவிடம் கொடுக்கப்பட்ட அந்த ஒரு தாளையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 'டைல்ஸ் உட்பட' என்றால் எந்த டைல்ஸ்? தரைக்கு மட்டுமா, சுவருக்கும் சேர்த்தா? சதுர அடி என்ன விலை? 'அனைத்தும் உட்பட' என்ற சொல்லுக்குள் எதுவும் அடங்கும், எதுவும் அடங்காமலும் போகும்.

மலிவு விலை மலிவல்ல

இனிக் கோயில் பொருளாளர் சொன்ன கதைக்கு வருவோம். மண்டபம் கட்ட மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேட்டார்கள். ஒருவர் 460,000 ரிங்கிட், ஒருவர் 445,000 ரிங்கிட், மூன்றாமவர் 380,000 ரிங்கிட். குழுவில் இருந்த பலர், "65,000 ரிங்கிட் மிச்சம், கடவுள் காட்டிய வழி" என்று மூன்றாமவருக்கே கொடுத்துவிடச் சொன்னார்கள். ஆசிரியராக இருந்தவருக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளின் விடைத்தாள்களை ஒரே விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால்தானே மதிப்பெண் சரியாக வரும்? இங்கே மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது.

ஒரு கியூ.எஸ்.ஸை அழைத்து மூன்று விலைகளையும் அலசச் சொன்னார்கள். 380,000 ரிங்கிட் விலையில் மூன்று வேலைகள் விடுபட்டிருந்தன. மென்மையான மண்ணில் அடிக்க வேண்டிய தூண் பைலிங் 52,000 ரிங்கிட், வடிகாலும் வாகன நிறுத்துமிடமும் 28,000, மின்சார முதன்மை இணைப்பு 15,000. மொத்தம் 95,000. அவற்றைச் சேர்த்தால் 475,000 ரிங்கிட். மூன்றிலேயே அதிக விலை அதுதான்!

"மூன்றாமவர் எங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் என்ன வேண்டும் என்று ஒழுங்காகக் கேட்கவில்லை. அவர் தமக்கு விளங்கியதற்கு விலை சொன்னார்" என்றார் பொருளாளர். அந்த நியாய உணர்வை நான் பாராட்டுகிறேன். பிறகு அளவுப் பட்டியல் தயாரித்து, மூவரிடமும் அதே பட்டியலுக்கு மறுபடியும் விலை கேட்டார்கள். அதன் பின்னர்தான் யார் மலிவு என்று உண்மையில் தெரிந்தது.

விலையைப் பார்க்கும்போது கியூ.எஸ். இன்னொன்றையும் கவனிப்பார். சிலர் மொத்த விலையைக் குறைவாகக் காட்டி, அதற்குள் முதலில் வரும் வேலைகளுக்கு, அதாவது மண் வேலைக்கும் அடித்தளத்துக்கும், அதிக விலை போடுவார்கள். கடைசியில் வரும் டைல்ஸ், சாயத்துக்குக் குறைந்த விலை போடுவார்கள். கூட்டிப் பார்த்தால் தப்பே தெரியாது. ஆனால் பாதி வேலை முடியும்போது முக்கால் பங்குப் பணம் போயிருக்கும். அதன்பிறகு குத்தகையாளருக்கு அங்கே வேலை செய்ய என்ன ஆர்வம் இருக்கும்?

வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கும் 6 விழுக்காடு சேவை வரி வந்துள்ளது. குடியிருப்பு வீடுகளுக்கு விலக்கு உண்டு. மற்றக் கட்டடமானால், சொன்ன விலையில் வரி அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

செய்த வேலைக்கே பணம்

வேலை தொடங்கிய பிறகு கியூ.எஸ். மாதத்திற்கு ஒரு முறையோ, குறிப்பிட்ட கட்டங்களிலோ இடத்துக்கு வந்து, நடந்திருக்கும் வேலையை அளப்பார். அளவுப் பட்டியலில் உள்ள விலையோடு பெருக்கி, "இன்றுவரை நடந்த வேலையின் மதிப்பு இவ்வளவு, ஏற்கெனவே கொடுத்தது இவ்வளவு, இப்போது கொடுக்க வேண்டியது இவ்வளவு" என்று எழுதிக் கொடுப்பார். குத்தகையாளர் கேட்டார் என்பதற்காகவோ, தீபாவளி வருகிறது என்பதற்காகவோ பணம் போகாது.

அதிலும் ஒரு பகுதி பிடித்து வைக்கப்படும். மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப் படிவத்தில் உள்ள வழக்கத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் செய்த வேலையின் மதிப்பில் 10 விழுக்காடு பிடிக்கப்படும். பிடித்த தொகை மொத்த ஒப்பந்த விலையில் 5 விழுக்காட்டை எட்டியதும் பிடிப்பது நின்றுவிடும். 100,000 ரிங்கிட் வேலையானால் 5,000 ரிங்கிட் உங்கள் கையில் இருக்கும். வேலை முடிந்ததும் அதில் பாதி கொடுக்கப்படும். மீதிப் பாதி, குறைகளைச் சரிசெய்து தரும் காலம் முடிந்து, குறைகள் நீங்கிய பின்னரே போகும். பொதுவாக அந்தக் காலம் 12 மாதங்கள். கூரை ஒழுகினாலோ, டைல்ஸ் எழும்பினாலோ குத்தகையாளர் தொலைபேசியை எடுப்பதற்கு அந்த மீதித் தொகை ஒரு காரணமாக இருக்கும்.

இது குத்தகையாளருக்கு எதிரான ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். நேர்மையாக வேலை செய்து, உரிமையாளர் பணம் கொடுக்காமல் இழுத்தடித்ததால் நொடித்துப்போன குத்தகையாளர்கள் நம் சமுதாயத்திலும் இருக்கிறார்கள். அளந்து எழுதிய கணக்கு அவர்களுக்கும் பாதுகாப்பு. "நான் செய்த வேலை இது, எனக்கு வர வேண்டியது இது" என்று அவர்களும் காட்டலாம்.

"ஒரு சின்ன மாற்றம்தானே!"

கருத்தரங்கில் நான் கியூ.எஸ். அம்மையாரிடம், "செலவு கூடுவதற்கு முதல் காரணம் குத்தகையாளரா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பல வேளைகளில் உரிமையாளர்தான்" என்றார்.

வேலை நடக்கும்போது நாம் போய்ப் பார்ப்போம். "சன்னலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்", "இங்கே ஒரு குளியலறை போட்டுவிடுங்கள்" என்போம். குத்தகையாளரும் "சரி அண்ணே, பார்த்துக்கொள்ளலாம்" என்பார். விலை பேசுவதில்லை. எழுதுவதும் இல்லை. கடைசியில் 'கூடுதல் வேலை' என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். நாம் அதிர்ச்சி அடைவோம். அவரோ, "நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

கியூ.எஸ். இருந்தால் வழக்கம் வேறு. எந்த மாற்றமானாலும் முதலில் விலை, பிறகு எழுத்து, அதன்பிறகே வேலை. அளவுப் பட்டியலில் அதே வேலைக்கு ஏற்கெனவே விலை இருந்தால், கூடுதலுக்கும் அந்த விலையே அடிப்படை. நினைத்த விலையைப் போட முடியாது. சேர்த்ததற்குப் பணம் கூட்டுவது போல, விட்டதற்குக் கழிக்கவும் வேண்டும். அதை நாம் மறந்தாலும் கியூ.எஸ். மறக்க மாட்டார்.

வரைபடம் முழுமையாகாமல் வேலையைத் தொடங்குவதும் இதே ஆபத்துதான். உலகப் புகழ்பெற்ற சிட்னி ஓப்பரா மாளிகையை நினைத்துப் பாருங்கள். அதன் கூரை ஓடுகளை எப்படிக் கட்டுவது என்று தீர்மானமாவதற்கு முன்பே 1959இல் வேலை தொடங்கிவிட்டது. 7 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட கட்டடம், 1973இல் திறக்கப்பட்டபோது 102 மில்லியனில் வந்து நின்றது. அரசாங்கம் நடத்திய லாட்டரி அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. ஓய்வூதியக்காரரின் சேமநிதி தாங்குமா? தாளில் ஒரு சுவரை நகர்த்த ஓர் அழிப்பான் போதும். கட்டிய சுவரை நகர்த்த ஆள்கூலி, லோரிக் கூலி, புதிய கல், எல்லாம் வேண்டும்.

கட்டணம் கட்டுப்படியாகுமா?

ஸ்கூடாய் தம்பதியர் கேட்ட கேள்வி இது. கியூ.எஸ். கட்டணம் கட்டடச் செலவில் ஒரு விழுக்காடாகவோ, பேசி முடித்த ஒரு மொத்தத் தொகையாகவோ இருக்கும். எல்லா வேலையையும் அவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதும் இல்லை. வந்த விலைகளை மட்டும் அலசிக் கொடுக்கச் சொல்லலாம். அளவுப் பட்டியல் மட்டும் கேட்கலாம். பணம் கொடுக்கும் கட்டங்களில் மட்டும் வந்து அளக்கச் சொல்லலாம். எந்தெந்த வேலை, எத்தனை முறை வருகை, எவ்வளவு கட்டணம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய வீடு, கோயில் மண்டபம், பள்ளிக் கட்டடம், கடைவீடு போன்ற பெரிய வேலையென்றால், முழு வேலைக்கும் கியூ.எஸ். அமர்த்துவது வீண் செலவு ஆகாது. பொதுப் பணத்தில் கட்டும் கட்டடத்திற்கு இது இன்னும் முக்கியம். கோயிலுக்குப் பத்து ரிங்கிட் கொடுத்தவருக்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டு. அளவுப் பட்டியலும் ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பீடும் கோப்பில் இருந்தால், ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். இல்லாவிட்டால் ஒரு காசும் எடுக்காதவர்மீதும் பழி விழும். நல்லவர்கள் பொறுப்புக்கு வரத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் உங்களுக்காகவே வேலை செய்பவராக இருப்பது முக்கியம். குத்தகையாளரே, "எனக்குத் தெரிந்த கியூ.எஸ். இருக்கிறார், இலவசமாகவே பார்ப்பார்" என்று அழைத்து வந்தால், அவர் யார் பக்கம் கணக்குப் பார்ப்பார் என்று சொல்லவா வேண்டும்?

சிறிய வேலை செய்கிறவர்களுக்கு

சமையலறையை மாற்றவும் முன்புறம் கூரை போடவும் முழு நேரக் கியூ.எஸ். தேவைப்படாது. ஆனால் அவருடைய வழிமுறையை நாமே பின்பற்றலாம். கருத்தரங்கில் சொல்லப்பட்டவற்றைத் தொகுத்துத் தருகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. விலை கேட்பதற்கு முன், என்ன வேண்டும் என்பதை அறை அறையாக, அளவோடும் பொருளின் வகையோடும் எழுதுங்கள். அந்த ஒரே பட்டியலை மூன்று குத்தகையாளர்களிடம் கொடுங்கள்.

2. மொத்த விலையை மட்டும் ஏற்காதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை கேளுங்கள். எது அடங்காது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

3. குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். வேலையின் அளவுக்கேற்ப ஜி1 முதல் ஜி7 வரை தரங்கள் உண்டு.

4. நீட்டிக் கட்டும் வேலைக்கு ஊராட்சி மன்ற அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள். இடிக்க உத்தரவு வந்தால் எந்தக் கணக்கும் உதவாது.

5. முன்பணத்தைக் குறைவாக வையுங்கள். பிறகு, தேதிக்கு அல்ல, முடிந்த வேலைக்குப் பணம் கொடுங்கள். அடித்தளம், தூண், சுவர், கூரை என்று கட்டங்களைப் பிரித்து எழுதுங்கள்.

6. ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் நடந்த வேலையைப் புகைப்படம் எடுத்து, தேதியோடு வையுங்கள். ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

7. மாற்றம் என்றால் முதலில் விலை, பிறகு கையெழுத்து. வாட்ஸ்அப் செய்தியாவது இருக்க வேண்டும்.

8. கையில் உள்ள பணம் முழுவதற்கும் வேலை பேசாதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி வையுங்கள்.

தகராறு வந்தால்

கட்டுமானத் தொழிலில் பணத் தகராறுகளை விரைந்து தீர்க்க 2012ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2014 ஏப்ரல் 15 முதல் நடப்புக்கு வந்தது. எழுத்தில் உள்ள கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தும். ஆனால் தாம் குடியிருப்பதற்காக மட்டுமே ஒரு தனிமனிதர் கட்டும், நான்கு மாடிக்குக் குறைவான வீட்டுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே, சாதாரண வீட்டு உரிமையாளர் அதை நம்பியிருக்க முடியாது.

அவருக்குள்ள எளிய வழி பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது அது. வழக்கறிஞர் தேவையில்லை. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் கோர வேண்டும்.

இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு வலித்தது. அப்பா இழந்தது 18,000 ரிங்கிட். அன்றைய வரம்பு 25,000. அவர் அங்கே போயிருக்கலாம். நண்பர் ஒருவர் போகவும் சொன்னார். "எதைக் காட்டுவது?" என்று கேட்டுவிட்டு அப்பா போகவில்லை. கையில் இருந்தது ஒரு தாளும் ஒரு 555 புத்தகமும்தான். கொடுத்த பணத்துக்குச் சான்று இருந்தது. செய்யாத வேலைக்குச் சான்று இல்லை. புகைப்படங்கள் இருந்தன, அவற்றைப் பணக்கணக்காக மாற்றிச் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவரிடம் போயிருப்போம்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்

எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மருத்துவம், சட்டம், பொறியியல் என்று மூன்றையே சுற்றி வருகிறோம். கணக்கில் நாட்டமும், நுணுக்கமாகப் பார்க்கும் பழக்கமும் உள்ளவர்களுக்குக் குவாண்டிட்டி சர்வேயிங் நல்ல துறை. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் தனியார் கல்லூரிகளிலும் இப்படிப்பு உண்டு. சேருவதற்கு முன் அந்தப் படிப்பை வாரியம் அங்கீகரித்துள்ளதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிறைவாக ஒன்று. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போனேன். அந்தச் சமையலறையில்தான் அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "நம் கதையைச் சொல்லவில்லையே?" என்றார். "உங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதும்மா. கணக்குப் பார்க்க ஆளா, எனக்குக் கணக்குத் தெரியாதா என்று அன்றைக்குக் கேட்டவன் நான். அதையும் சேர்த்து எழுது" என்றார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். வாழ்நாள் சேமிப்பைக் கல்லிலும் சிமெண்டிலும் போடுகிறோம். அதையும் அளந்தே போடுவோம்.

அடுத்த வாரம் மற்றொரு தலைப்போடு சந்திப்போம்.